கரண்ட் இல்லாத வீட்டில் அஞ்சு வீட்டு இறைச்சி

வடக்கில் சண்டை முடிந்து இரண்டாவதோ மூன்றாவதோ வருஷம். அந்த முறை ஹஜ்ஜுப் பெருநாள் அடைமழைக் காலத்தில் வந்து விழுந்தது. பெருநாளன்றே வானம் சரியில்லை என்று நான் சொன்னேன். "உனக்கு எந்த நாளில வானம் சரியா இருந்திருக்கு?" என்று கேட்டுவிட்டு என் மாப்பிள்ளை, அதுதான் என் புருஷன், ஆட்டோவைத் துடைக்கப் போய்விட்டார்.

மூன்றாம் நாள் பின்னேரம் அஸர் தொழுது முடிக்கவில்லை, காற்று சுழற்றி அடிக்கத் தொடங்கியது. ஒழுங்கை முனையில் நின்ற தென்னை கரண்ட் கம்பியையும் இழுத்துக்கொண்டு சரிந்தது. ஃபேன் நின்றது, லைட் போனது. அதெல்லாம் போகட்டும். குசினியில் டீப் ஃப்ரீசரின் இரைச்சல் நின்றது. அந்த இரைச்சலை அதுவரைக்கும் நான் கவனித்ததே இல்லை. நின்ற பிறகுதான் வீடு முழுக்க அது இல்லாதது கேட்டது.

பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சின்னப் பையில் ஐஸ் பக்கட் செய்து விற்பதற்காக வாங்கிய பெட்டி அது. ஒழுங்கையில் வேறு யாரிடமும் அப்படி ஒன்று கிடையாது. அதனால் பெருநாள் முடிந்ததும் அறுத்துப் பங்கிட்ட குர்பான் இறைச்சி எல்லாம் எங்கள் வீட்டுக்குத்தான் வரும். அந்த வருஷம் எங்களோடு சேர்த்து அஞ்சு வீட்டு இறைச்சி உள்ளே கிடந்தது. எல்லாம் ஒரே மாதிரிக் கறுத்தப் பை. அடையாளத்துக்கு ஒவ்வொரு வீட்டாரும் ஒரு துணித்துண்டால் முடிச்சுப் போட்டிருந்தார்கள். முன்வீட்டுக்குச் சிவப்பு ரிப்பன், பின்வீட்டுக்குச் சாரம் கிழித்த துண்டு, மூலைவீட்டுக்கு மஞ்சள் சீலை. ஊரார் நம்பித் தந்த பொருள் அமானிதமாக நம் கையில் இருந்தால் எனக்குச் சோறு இறங்காது. கரண்ட் இருக்கும்போதே இறங்காது.

முதல் வேலையாக இரண்டு போர்வையையும் பிள்ளைகள் படுக்கும் மெத்தையையும் எடுத்து ஃப்ரீசரை மூடினேன்.

"அதுக்குக் குளிருதாமா?" என்றார் மாப்பிள்ளை.

"குளிர் வெளியில போகாம இருக்கிறதுக்கு."

"போர்வை போட்டா சூடு வருமா, குளிர் வருமா? எந்தப் பள்ளியில படிச்ச?"

ஏழாம் வகுப்போடு நின்றவளிடம் கேட்கிற கேள்வியா இது? ஃப்ரீசரோடு வந்த புத்தகம் இங்கிலீசில் இருந்தது. அதில் என்ன எழுதியிருந்தாலும் மூடியைத் திறக்கக் கூடாது என்பது மட்டும் எனக்குத் தெரியும். ஐஸ் பக்கட் விற்றுப் பழகியதில் தெரிந்தது.

எனக்குத் தெரிந்து என்ன? அடுத்த நாள் விடிகாலை சுபஹு தொழுத கையோடு, என்னிலும் மூத்த முன்வீட்டு ராத்தா வந்துவிட்டார். தலையில் பொலித்தீன் பை, கையில் டோர்ச்.

"புள்ள, ஒருக்காத் திறங்க. எங்கடது எப்பிடி இருக்குதுன்னு பார்த்துட்டுப் போறன்."

"திறந்தாத்தான் ராத்தா கெட்டுப்போகும்."

"திறக்காம எப்பிடித் தெரியும் கெட்டுப்போகல்லன்னு?"

திறந்தேன். அவர் சிவப்பு ரிப்பன் பையைத் தட்டிப் பார்த்தார். "கல்லு மாதிரி இருக்கு, அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் இருந்த பைகளையும் ஒவ்வொன்றாகத் தட்டினார். அவர் போய்க் கொஞ்ச நேரத்தில் பின்வீட்டுக்காரி. அவள் போனதும் அவளுடைய மாமி. மத்தியான லுஹருக்கு முன்னால் நான் ஃப்ரீசர் மேலே ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

"அடைகாக்கிறாவாம்" என்று மாப்பிள்ளை வாசலில் வருகிறவர்களுக்கெல்லாம் அறிவித்துக்கொண்டிருந்தார். "நாளைக்குக் கன்னுக்குட்டி பொரிக்கும்."

எல்லாரும் சிரித்தார்கள். நான் உட்கார்ந்த இடத்திலிருந்தே கரண்ட் ஆபீசுக்கு ஃபோன் எடுத்தேன். ஃபோனில் ஒரு கோடு சார்ஜ்தான் மிச்சம். எடுத்தவர் சிங்களத்தில் "ஹெட்ட ஹரியாய்" என்றார். நாளைக்குச் சரியாகிவிடுமாம். எந்த நாளைக்கு என்று கேட்பதற்குள் வைத்துவிட்டார். அதன்பிறகு நான் எடுத்த போதெல்லாம் மணி அடித்தது, ஆள் எடுக்கவில்லை.

மழை விடவில்லை. மறுநாள் காலையில் ஃப்ரீசருக்குக் கீழே சிவந்த தண்ணீர் ஒரு கோடாக ஓடி வாசற்படிப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. மற்ற நாலு வீட்டுக்கும் ஆளனுப்பினேன், வந்து எடுத்துக்கொண்டு போங்கள் என்று. எடுத்துக்கொண்டு போய் எங்கே வைப்பது என்று திருப்பிக் கேட்டார்கள். இரண்டு வீட்டுக் குசினியில் முழங்காலளவு தண்ணீர். மற்ற வீடுகளில் விறகெல்லாம் ஊறிப்போயிருந்தது. உப்புக்கண்டம் போடலாம், புத்தளத்தில் உப்புக்கா பஞ்சம்? வெயிலுக்குத்தான் பஞ்சம்.

"ஒங்கட வீட்டுலதானே கேஸ் அடுப்பு இருக்கு" என்றார் முன்வீட்டு ராத்தா. "மஞ்சளும் உப்பும் போட்டு அவிச்சு வைங்க. பிறகு பிரிச்சு எடுப்பம்."

கேஸ் எத்தனை நேரத்துக்கு வரும் என்று தெரியாது. சிலிண்டரைத் தூக்கிப் பார்த்தால் பாரமே இல்லை. அஞ்சு வீட்டு இறைச்சியைத் தனித்தனியாக அவிக்க வழியே கிடையாது. விசேஷங்களுக்கு எடுக்கிற பெரிய கிடாரத்தை அடுப்பில் ஏற்றினேன். முடிச்சுகளை அவிழ்த்து, துணிகளைத் தரையில் போட்டு, இறைச்சியை ஒன்றாகக் கொட்டினேன். எல்லாம் மாட்டிறைச்சி. கெட்டுப்போவதற்கு முன்னால் வெந்துவிட வேண்டும், வேகும்வரைக்கும் கேஸ் தீரக் கூடாது. எனக்கு வேறு நினைப்பே இல்லை.

முக்கால்வாசி வெந்த நேரம் மூலைவீட்டு ராத்தா உள்ளே வந்தார். கிடாரத்தைப் பார்த்தார். தரையில் கிடந்த மஞ்சள் சீலைத் துண்டைப் பார்த்தார்.

"எங்கட பை எங்க?"

"எல்லாம் உள்ளுக்குத்தான் ராத்தா. ஒன்னாப் போட்டுட்டன்."

அவர் அப்படியே கதிரையில் உட்கார்ந்தார். "அது நேர்ச்சைக் குர்பான், புள்ள."

அந்த வருஷம் அவருடைய மாப்பிள்ளை போன வள்ளம் நாலு நாள் திரும்பவில்லை. ஆள் உயிரோடு வந்தால் மாட்டில் ஒரு பங்கு குர்பான் கொடுப்பதாக ராத்தா நேர்ந்திருந்தார். வந்துவிட்டார். நேர்ந்து கொடுத்த குர்பானில் கொடுத்த வீட்டார் ஒரு துண்டும் வாயில் வைக்கக் கூடாது. வசதியுள்ளவர்களுக்கும் கொடுக்கக் கூடாது. முழுவதும் ஏழைகளுக்குத்தான், அதுவும் பச்சையாக. எலுவன்குளத்தில் ஒரு விதவைக் குடும்பத்துக்கென்று வைத்திருந்தாராம். பெருநாளுக்கு முந்தின மழையிலேயே பாதையில் தண்ணீர் ஏறியதால் அனுப்ப முடியாமல் எங்கள் வீட்டில் தந்திருக்கிறார்.

"ஏன் ராத்தா ஒரு சொல்லு சொல்லல்ல?"

"சொல்லித்தானே தந்தன். நீங்க தொழுதுகொண்டு இருந்தீங்க. இவர்தான் வாங்கி வெச்சார். இவர்கிட்ட ரெண்டு தரம் சொன்னன்."

நான் திரும்பிப் பார்த்தேன். மாப்பிள்ளை நிலையில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். இரண்டு நாளாகக் கன்றுக்குட்டி, அடைகாப்பு என்று ஊரைச் சிரிக்க வைத்த வாய் அது.

"ஓம், சொன்னாங்க" என்றார். "நான் சொல்ல நினைச்சனான்."

அந்த நேரம் என் கையில் அகப்பை இருந்தது. அல்லாஹ் பொறுமையைத் தந்தான்.

மூலைவீட்டு ராத்தா சத்தம் போட்டு அழவில்லை. "நேர்ச்சை நிறைவேறாம அவர் திரும்பக் கடலுக்குப் போனா?" என்று மட்டும் கேட்டார். கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டார். இனி அவருடைய மாப்பிள்ளைக்குத் தலைவலி வந்தாலும் நான்தானே காரணம்?

மாப்பிள்ளையை மழைக்குள் பள்ளிவாசலுக்கு விரட்டினேன். தெப்பமாக நனைந்து, மௌலவியையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார். மௌலவி கிடாரத்துக்குள் எட்டிப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"எது அவங்கட துண்டுன்னு இப்ப யாருக்கும் தெரியாது. சந்தேகம் வராம, பேணுதலுக்கு முழுசையும் ஏழைகளுக்குக் குடுத்துருங்க. பள்ளிக்கூடத்துல வெள்ளத்துக்கு வந்த சனம் இருக்கு. நேர்ச்சையப் பச்சையாக் குடுத்திருக்கணும். அதால தண்ணி வத்தினதும் அதேயளவு பச்சை இறைச்சி வாங்கி, ராத்தா வெச்சிருந்த இடத்துக்கே சேர்த்துருங்க. அது ஒங்க ரெண்டு பேர்ட பொறுப்பு."

"ஒங்க ரெண்டு பேர்" என்றதைக் கவனித்தேன். மறந்தவர் ஒருத்தர், பொறுப்பு இரண்டு பேருக்கு.

கிடாரம் ஆட்டோவில் பள்ளிக்கூடம் போனது. எங்கள் பங்கும் போனது. மற்ற மூன்று வீட்டுப் பங்கும் போனது. எங்களுக்குள் யாருடைய பொருளிலாவது தப்பு நடந்துவிட்டால், "ஹலாலாக்கிடுங்க" என்று அவரிடமே போய்க் கேட்க வேண்டும். அவர் மனதார ஹலால் என்று சொன்னால்தான் நாளைக்கு மறுமையில் அதைப் பற்றிக் கேள்வி இருக்காது. அன்று பின்னேரமே ஒரு குடைக்குள் நாங்கள் இரண்டு பேரும் வீடு வீடாக ஏறினோம். நான் முன்னால், அவர் பின்னால்.

முன்வீட்டு ராத்தா உடனே ஹலால் என்றார். "நான் அப்பவே சொன்னன், அடிக்கடி திறந்து பார்க்கணும்னு" என்றும் சேர்த்துச் சொன்னார். பின்வீட்டுக்காரி, "சனம் சாப்பிட்டாச் சரிதானே" என்றாள். அடுத்த வீட்டிலும் பிரச்சினை இல்லை. மூலைவீட்டு ராத்தா மட்டும் வாசலில் நின்றபடியே, "முதல்ல பச்சை இறைச்சியக் குடுங்க. பிறகு பார்ப்பம்" என்றார்.

நியாயம்தான். ஆனால் அந்த நியாயத்தோடு நான் எத்தனை நாள் இருக்க வேண்டியிருந்தது! கரண்ட் வந்தது, தென்னையை வெட்டி இழுத்தார்கள், ஒழுங்கையில் எல்லாரும் ஃபேன் போட்டுக்கொண்டு படுத்தார்கள். எலுவன்குளம் பாதை மட்டும் திறக்கவில்லை. கடலில் காற்று எழும்பினால் நான் மூலைவீட்டுப் பக்கம் எட்டிப் பார்ப்பேன், ராத்தாவின் மாப்பிள்ளை, அந்த நானா, வீட்டில் இருக்கிறாரா என்று. ஒரு தரம் அவர் தும்மினது எங்கள் குசினிக்குக் கேட்டது. உடனே கொத்தமல்லி அவித்து அனுப்பினேன்.

பாதை திறந்த அன்றைக்கே மதுரங்குளியில் இறைச்சி வாங்கினோம். மூன்று கிலோ இருந்தது என்று ராத்தா சொல்லியிருந்தார். சந்தேகத்துக்கு இன்னும் கொஞ்சம் போடச் சொன்னேன். ராத்தாவையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வண்ணாத்திவில்லு தாண்டிப் போனோம். சேறும் பள்ளமும். வழி முழுக்க அவர் பையை மடியில் வைத்திருந்தார். அந்த விதவைப் பெண் பையை வாங்கி, முடிச்சை அவிழ்த்துப் பார்த்து, "இன்னைக்கே ஆக்கிருவன் ராத்தா" என்றாள். மூலைவீட்டு ராத்தா அவள் பையோடு அடுப்படிக்குள் போகும்வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றார்.

திரும்பி வந்து அவருடைய வாசலில் இறங்கியதும்தான் வாய் திறந்தார்.

"ஹலால், புள்ள. மனசால சொல்றன்."

"இவருக்கும் சொல்லுங்க ராத்தா."

"அவருக்கும் ஹலால்."

என் நெஞ்சுப் பாரம் அப்போதுதான் இறங்கியது. மாப்பிள்ளை சந்தோஷமாக ஆட்டோவைத் திருப்பினார்.

"அப்ப எல்லாம் முடிஞ்சுது" என்றார்.

"எது முடிஞ்சுது? ராத்தா ஒங்களுக்கு ஹலாலாக்கிட்டா. நான் இன்னும் ஆக்கல்ல."