மைதீன் அண்ணாச்சி போடாத கையெழுத்து

விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். கடைத்தெருவுக்குப் போய்விட்டு வந்த என் மனைவி மல்லிகா பையைக் கீழே வைக்காமலே சொன்னாள்: "தராசுக் கடை மைதீன் அண்ணாச்சி போயிட்டாவளாம். காலைல நெஞ்சு வலியாம்."

"எந்த மைதீன்?" என்று கேட்டேன்.

கோவில்பட்டியில் எத்தனை மைதீன்கள் இருந்தாலும் எங்கள் வீட்டைப் பொறுத்தவரை ஒருவர்தான். எட்டு வருடமாக அந்தப் பெயரை நாங்கள் வீட்டில் உச்சரித்ததில்லை.

அடக்கத்துக்குப் போய்ப் பின்னால் நின்றேன். விண்கல் சேகரிக்கும் நம் வட்டத்தில் சிலர் என்னை அங்கே எதிர்பார்த்திருக்க மாட்டீர்கள். பிறகு நீங்கள் எழுதிய அஞ்சலிகளைப் படித்தேன். நல்ல மனிதர் என்று எல்லோரும் எழுதியிருக்கிறீர்கள். 'கொஞ்சம் பொறாமைக்காரர்' என்று இரண்டு பேர் சேர்த்திருக்கிறீர்கள். அந்தச் சொல் என்னுடையது. ஊர் ஊராகச் சொல்லிப் பரப்பியவன் நான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மைதீன் தராசு பழுது பார்ப்பவர். விளாத்திகுளம் மிளகாய் மண்டிகளின் தராசுகளெல்லாம் அவர் கடைக்குத்தான் வரும். கடையின் உள்ளறையில், கடுகு அளவிலிருந்து புளியங்கொட்டை அளவு வரை, விண்கல் துணுக்குகளைக் காலி அத்தர் குப்பிகளில் அடைத்து வைத்திருந்தார். எங்கோ கிடந்து எடுத்த கல் எதையும் அவர் தொடமாட்டார். விழுந்ததை மனிதர்கள் கண்ணால் கண்ட கற்கள் மட்டுமே வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை: யார் பார்த்தது, யார் எடுத்தது, அதன்பின் யார் யார் கைக்குப் போனது. கடைசியில் இரண்டு கையெழுத்து, வைத்திருப்பவருடையதும் உடனிருந்த ஒருவருடையதும். நம் வட்டத்தில் இன்றைக்கும் நடக்கும் அந்த வழக்கம் அவர் கொண்டுவந்தது.

நான் கல்லூரியில் வேதியியல் நடத்துபவன். "கல்லைச் சோதித்தாலே எல்லாம் தெரிந்துவிடுமே" என்று முதல் சந்திப்பில் சொன்னேன்.

"மேலேருந்து வந்ததுன்னு தெரியும், சார்வாள். எந்தக் காட்டுல விழுந்துச்சு, யாரு தலைக்கு மேல சத்தம் போட்டுக்கிட்டு வந்துச்சுன்னு தெரியுமா? பார்த்தவன்லா சொல்லணும்."

ஒரு தராசுக்காரர் எனக்குச் சொல்லிக்கொடுப்பதா என்று அன்றைக்கே எரிச்சல் ஏற்பட்டது. மறைக்கவில்லை.

குளத்தூர்ப் பக்கத்துக் கிராமமொன்றில் ராமசாமி என்ற, பருத்தி விதைக்கும் சம்சாரியின் வீட்டுக்கு இருவரும் போனோம். அவருடைய தாத்தா சிறுவயதில் பருத்திக்காட்டில் நிற்கும்போது, பட்டப்பகலில் வெடிச்சத்தத்தோடு விழுந்த கல் அங்கே சாமியறையில் இருந்தது. விண்கல்லுக்கு எரிந்த கருந்தோல் ஒன்று இருக்கும். அந்தக் கல்லில் அது அறவே இல்லை.

"பொங்கலுக்குப் பொங்கல் புளி போட்டுத் தேய்ப்போம், அண்ணாச்சி" என்றார் ராமசாமி.

மைதீன் தலையில் கைவைத்துக்கொண்டார். "தோலை உரிச்சுட்டீயளேய்யா. குத்துவிளக்குன்னு நெனச்சியளா?"

"சாமின்னு நெனச்சோம். சாமி அழுக்கா இருக்கலாமா?"

மூவரும் சிரித்தோம். ராமசாமி சூடம் காட்டிவிட்டு ஒரு துணுக்கு உடைத்தார். அவர் மகள் என்னிடம் படித்தவள் என்பதால் அதை என் கையில் கொடுத்தார். மைதீன் கை நீட்டவில்லை. மறுவருடம் புது வீடு கட்டும்போது, நல்லது நடக்கட்டும் என்று மீதிக் கல்லை அஸ்திவாரத்தில் வைத்து கான்கிரீட் போட்டுவிட்டார்கள். அதன்பிறகு வெளியே இருப்பது என்னிடமிருந்த துணுக்கு மட்டும்தான்.

சென்னையிலிருந்து ஓர் ஆய்வாளர் அதைப் பார்க்க வருவதாக எழுதினார். அட்டை சரியாக இருந்தால் அந்த வீழ்ச்சி பதிவில் ஏறும். கூடவே என் பெயரும் ஏறும். கல்லூரியில் இரண்டு முறை எனக்குப் பின்னால் வந்தவர்களுக்குப் பதவி உயர்வு கொடுத்து என்னை உட்காரவைத்திருந்த காலம் அது. இதையும் விட்டால் எனக்கென்று சொல்லிக்கொள்ள எதுவும் இருக்காது என்று நினைத்தேன்.

அன்று காலை துணுக்கில் விளக்கெண்ணெய்ப் பிசுக்கு இருப்பதைப் பார்த்தேன். வடக்கே வேறொரு வீழ்ச்சியிலிருந்து தபாலில் வாங்கிய இன்னொரு துணுக்கும் அழுக்காக இருந்தது. இரண்டையும் ஒரே எவர்சில்வர் கிண்ணத்தில் ஸ்பிரிட் ஊற்றிப் போட்டேன். வெளியே எடுத்தபோது இரண்டும் ஒரே சாம்பல் நிறம், ஒரே அளவு. எது எதுவென்று எனக்குத் தெரியவில்லை. இதை நான் நேற்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

ஆனால் மைதீனுக்குத் தெரிந்திருந்தது. ஆய்வாளர் எங்கள் வீட்டுக்கு வரும் நேரத்தைக் கேட்க அவர் போன் செய்தபோது, "சார் ரெண்டு கல்லையும் கிண்ணத்துல ஊறப் போட்டுட்டுச் சவரம் பண்ணுதாவ" என்று மல்லிகா சொல்லியிருக்கிறாள்.

ஆய்வாளர் முன்னால் நான் கையெழுத்திட்டு, உடனிருந்தவர் கையெழுத்துக்காக அட்டையை மைதீனிடம் தள்ளினேன். அவர் லென்ஸை எடுத்து இரண்டு துணுக்குகளையும் பார்த்தார்.

"இதுல குளத்தூர்க் கல்லு எது, சார்வாள்?"

"இடதுபக்கம் இருப்பது."

"எப்படிச் சொல்லுதீய?"

"பார்த்தாலே தெரிகிறதே."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அரை நிமிடம் இருக்கும். மல்லிகா டீத் தட்டோடு அறை வாசலில் நின்றுவிட்டாள்.

"சந்தேகம் இருக்குன்னு ஒரு வரி எழுதுங்க. நான் கையெழுத்துப் போடுதேன். அதுல கேவலம் ஒண்ணும் இல்ல" என்றார், தணிந்த குரலில்.

"எனக்குச் சந்தேகம் இல்லை."

பேனாவை மூடி மேசைமேல் வைத்தார். "அப்ப என்னால முடியாது."

ஆய்வாளர் காரணம் கேட்டார். "எனக்குத் திருப்தி இல்ல" என்பதோடு நிறுத்திக்கொண்டார். கிண்ணத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆய்வாளர் கல்லை எடுக்காமலே ஊர் திரும்பினார்.

துணுக்கு தனக்குக் கிடைக்காத பொறாமையில் மைதீன் கையெழுத்துப் போட மறுத்தார் என்று உங்கள் எல்லோரிடமும் சொன்னேன். உங்களில் ஒருவர் அதை அவரிடமே கேட்டிருக்கிறீர்கள். "எனக்குத் தரலையேன்னு வருத்தம் இருந்துச்சு, பொய் சொல்லமாட்டேன்" என்றாராம். அவரே ஒப்புக்கொண்டுவிட்டார் என்று அதையும் பிடித்துக்கொண்டேன். ஒருமுறை மணியாச்சி பிளாட்பாரத்தில் எதிரே வந்து, "சௌரியமா, சார்வாள்?" என்றார். நான் கால அட்டவணையைப் படிப்பதுபோல் திரும்பிக்கொண்டேன். அதுதான் கடைசி.

நேற்று ராமசாமிக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப எங்க தாத்தா கல்லு எதுன்னே தெரியாதா?" என்றார்.

"தெரியாது."

"மைதீன் அண்ணாச்சி இருக்கும்போதே சொல்லியிருக்கலாம்லா" என்று வைத்துவிட்டார்.

சொல்லியிருக்கலாம். அன்றைக்கு அவர் கிண்ணத்தைப் பற்றிப் பேசி என்னை அவமானப்படுத்தியிருந்தால், ஆயுள் முழுக்க அவரை வெறுக்க எனக்கு ஒரு நியாயம் கிடைத்திருக்கும். அதைக்கூட அவர் கொடுக்கவில்லையே என்று இன்றும் கோபம் வருகிறது. அவரிடமிருந்து என்னிடம் இருப்பது அந்த அரை நிமிடப் பார்வை மட்டும்தான். அது ஏளனம் என்றே இத்தனை வருடமும் சொல்லிவந்தேன். நான் உண்மையைச் சொல்லிவிடுவேன் என்று அவர் காத்திருந்தார்.