தவேயுனிக்கு வந்த கீரி

அம்மா இறந்த வருஷம் அப்பாவுக்குத் தவேயுனித் தீவில் ஒரு தென்னந்தோட்டத்தில் வேலை கிடைத்தது. எங்கள் ஊரான சவுசவுவை விட்டுக் கிளம்ப நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்: என் கீரியும் வர வேண்டும். கொப்பரைக் கொட்டகைக்கு அடியில் கண் திறக்காத குட்டியாகக் கிடந்ததை, துணியில் பால் நனைத்துக் கொடுத்துப் பிழைக்க வைத்தவள் அம்மா. பக்கத்துப் பிள்ளைகள் எல்லாரும் இந்தி பேசுவார்கள். அம்மாவுக்குப் பிறகு பகலில் நான் தமிழ் பேசியது அந்தக் கீரியிடம்தான். பதில் சொல்லாதே தவிர, நன்றாகக் கேட்டுக்கொள்ளும்.

படகுத்துறையில் அரசாங்க அதிகாரி கூடையைத் திறந்து பார்த்தார். தவேயுனியில் கீரியே கிடையாது, அங்குள்ள பறவைகள் தரையில் முட்டையிடுபவை, அதனால் ஒரு கீரியைக்கூடப் படகில் ஏற்றக் கூடாது, அதுதான் சட்டம் என்றார். என் கீரி முட்டையே தின்னாது என்று நான் சாட்சி சொன்னேன். முந்தின நாள்தான் இரண்டு தின்றிருந்தது. வழியனுப்ப வந்திருந்த அம்மாவின் தம்பி, என் மாமா, கூடையை வாங்கிக்கொண்டார்.

"நான் பாத்துக்கறேன் கண்ணு. நீ அழாமப் போ."

தவேயுனியில் அப்பா விடிந்ததும் போனால் பொழுது சாய்ந்துதான் வருவார். அக்கம்பக்கத்தில் வீடு இல்லை. வாசலில் காட்டுப் பறவைகள் குஞ்சுகளோடு பயமில்லாமல் நடந்து போகும். இவற்றுக்காகத்தானே என்று கல்லை எடுப்பேன். அவை ஓடாமல் நின்று என்னைப் பார்க்கும். கல்லைக் கீழே போட்டுவிடுவேன்.

சில மாதம் கழித்து மாமா வந்தார். என்னைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, மரவள்ளிக்கிழங்குச் சாக்கைப் பிரித்தார். கிழங்குக்கு அடியில் ஒரு பெட்டி, பெட்டிக்குள் என் கீரி! நன்றாகக் கொழுத்திருந்தது. மாமா வீட்டில் அவிழ்த்துவிட்டே வளர்த்தாராம். வயிறாரச் சாப்பிட்டிருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன்.

மாமா வந்திருக்கிறாரென்று அன்றைக்கு மட்டும் மதியச் சாப்பாட்டுக்கு வந்த அப்பா சத்தம் போடவில்லை. அதைக் கையில் தூக்கி வயிற்றைத் தடவிப் பார்த்தார்.

"சட்டம் தெரியாதா மாப்ளே?"

"ஒத்தக் கீரி, அது என்ன பண்ணிடப் போவுது மச்சான்? புள்ள தனியாக் கெடக்குதேன்னுதான்..."

அப்பா தலை நிமிராமலே சொன்னார்: "தனியா இல்ல மாப்ளே."

மாமாவின் முகம் மாறிவிட்டது.

என்னைச் சொல்கிறார் என்று நினைத்தேன். என் பகலெல்லாம் எப்படிப் போகிறதென்று இவருக்கு என்ன தெரியும்? பெட்டியை இறுகப் பிடித்துக்கொண்டேன். அப்பா என் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினார். அன்று மாலைப் படகிலேயே மாமாவும் கீரியும் திரும்பினார்கள். அப்பா அரைநாள் வேலையை விட்டுவிட்டுத் துறைவரை போய் ஏற்றிவிட்டு வந்து, சோறு வடித்தார். நான் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். அவர் சாப்பிடாமல் என் பக்கத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

பல வருஷம் கழித்து, என் முதல் பிரசவத்துக்கு என்னைப் பார்க்க வந்தபோதுதான் மாமா சொன்னார்: திரும்பிப் போன கொஞ்ச நாளில் அந்தக் கீரி குட்டி போட்டதாம். "உங்கப்பா தொட்டதுமே கண்டுபுடிச்சிட்டாரு. அவரு சொன்னது அன்னைக்கே எனக்கு வெளங்கிடுச்சு."

சிரித்துவைத்தேன். ஆனால் தவேயுனியில் அதற்குப் பிறகு வந்த எத்தனையோ நீண்ட பகல்களில், கோபமெல்லாம் ஆறிய பிறகு, "தனியா இல்ல" என்று அப்பாவின் குரலிலேயே நான் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். அந்த வார்த்தை என்னைச் சொன்னது இல்லை என்பது அப்போது தெரியாது.