மாடத்திலிருந்து விழுந்த மோதிரம்

என் சித்தி செய்து பார்க்காத எதையும் எழுதமாட்டாள். சரித்திரக் காதல் நாவல்தானே, யார் வந்து கேட்கப்போகிறார்கள் என்று மற்றவர்கள் விட்டுவிடுகிற இடங்களில்தான் அவளுக்குச் சந்தேகம் வரும். ஒரு சேனாதிபதி காதலியைக் கையில் ஏந்திக்கொண்டு எத்தனை படி ஏற முடியும்? ஆவடி குவார்ட்டர்ஸ் மாடிப்படியில் சித்தப்பா அவளைத் தூக்கிக்கொண்டு ஏறினார். ஒன்பதாவது படியில் இறக்கிவிட்டார். அந்த மாத நாவலில் பல்லவ சேனாதிபதியும் ஒன்பதாவது படியில்தான் மூச்சு வாங்கினான்.

சித்தப்பா பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வெல்டர். ஆவடியை ஒட்டிய சேக்காட்டிலேயே பிறந்து வளர்ந்தவர். கதைப் புத்தகத்தின் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டார். ஆனால் சித்தியின் இளவரசர்கள் எல்லோருக்கும் இடது மணிக்கட்டில் ஒரு தீத்தழும்பு இருந்தது. அது சித்தப்பாவுக்கும் இருந்தது.

சனிக்கிழமைகளில் சித்தி திருமுல்லைவாயில் கோயிலுக்குப் போவாள். அவளுக்குச் சாமியைவிடச் சுவர்தான் முக்கியம். கல்வெட்டில் யாரோ ஒரு பெண் விளக்கெரிக்க ஆடு கொடுத்தாள் என்று இருந்தால் போதும், யாரை நினைத்துக்கொண்டு கொடுத்திருப்பாள் என்று பஸ் வரும்வரை பேசுவாள். அந்தப் பெண் அடுத்த நாவலில் நாயகி ஆகிவிடுவாள். எழுதுகிற நாட்களில் குழம்பில் இரண்டு முறை உப்பு விழும். சித்திக்கு மறதி அதிகம் என்பது எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

நான் நான்காம் வகுப்பு முடித்த கோடையில், முகப்பேரிலிருந்து அம்மா என்னைச் சித்தி வீட்டில் கொண்டுவந்து விட்டிருந்தாள். அப்போது எழுதிக்கொண்டிருந்த நாவலில், மாடத்தில் சிறைவைக்கப்பட்ட இளவரசி, கீழே குதிரையில் போகிறவனுக்குத் தன் மோதிரத்தை எறியவேண்டும். ஓடுகிற குதிரையிலிருந்து அதைப் பிடிக்க முடியுமா என்று சித்திக்குத் தூக்கம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை சித்தப்பாவின் ஸ்கூட்டர் குதிரை ஆயிற்று. முதல் மாடி பால்கனி மாடமாயிற்று. ஹால் திரைச்சீலையிலிருந்து ஒரு பித்தளை வளையத்தைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, சித்தி நோட்டோடு கீழே இறங்கிப் போனாள்.

எனக்கு அந்த வளையம் பிடிக்கவில்லை. எந்த இளவரசி திரைச்சீலை வளையம் போட்டுக்கொள்வாள்? சமையலறை ஜன்னலில், மாவு பிசையக் கழற்றி வைத்த சித்தியின் மோதிரம் இருந்தது. கல்யாணத்தில் குடத்துத் தண்ணீருக்குள் மோதிரத்தைப் போட்டு மாப்பிள்ளையையும் பெண்ணையும் தேடச் சொல்வார்களே, அதில் சித்தப்பாவைத் தோற்கடித்துச் சித்தி எடுத்த மோதிரம் அது. வளையத்தைக் கவுன் பையில் போட்டுக்கொண்டு மோதிரத்தை எடுத்துப் போனேன்.

சித்தப்பா வந்தார். எறிந்தேன். மோதிரம் ஸ்கூட்டர் கண்ணாடியில் பட்டுத் தெறித்து, தெருவோரச் சாக்கடைக்குள் போய்விட்டது.

சித்தப்பா வண்டியை நிறுத்தினார். "இன்னாமே, தங்கமாட்டம் மின்னிச்சே? இன்னாத்த குட்த்தே கொயந்த கைல?"

சித்தி தன் விரலைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து பால்கனியைப் பார்த்தாள். நான் பால்கனிச் சுவருக்குப் பின்னால் குனிந்துகொண்டேன்.

"என் புத்திதான்," என்றாள். "வளையம்னு நெனச்சு மோதிரத்த குடுத்துட்டேன் போல."

கீழ்வீட்டு அக்கா கதவைத் திறந்துகொண்டு வந்துவிட்டார். "கதை எய்தறேன்னு சொல்லிகினு தங்கத்த பசங்க கைல குடுப்பாங்களாம்மா? நல்லா கீது போ."

சித்தப்பா சட்டையைக் கழற்றிவிட்டுத் தோள்வரை கையை விட்டுத் துழாவினார். "அன்னிக்கு கொடத்துல நீ எட்த்துட்ட. இன்னிக்கு எட்த்துக் காட்றேன் பாரு," என்றார். வெயில் தாழும்வரை தேடினார். கடைசியில் எழுந்து நின்று, "இன்னிக்கும் தோத்துட்டேன்மே," என்றார். சித்தி சிரிக்கப் போனவள் அழுதுவிட்டாள்.

அம்மா போனில் அரைமணி நேரம் திட்டினாள். கதை எழுதுவதை முதலில் மூட்டை கட்டு என்றாள். எல்லாவற்றுக்கும் சித்தி "ஆமாக்கா" என்றாள். நோட்டு பீரோவின் மேலே ஏறிவிட்டது. இரண்டு வாரம் அது கீழே இறங்கவே இல்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம் சித்தியிடம் போய் நிற்பேன். நான்தான் எடுத்தேன் என்று சொல்ல வாய் திறப்பேன்; தண்ணீர் கேட்டுவிட்டு வந்துவிடுவேன். அந்தக் கவுனை மறுநாளே சித்தி துவைத்துக் காயப்போட்டிருந்தாள். பையில் வளையம் இல்லை. எங்கேயோ விழுந்திருக்கும், தொல்லை விட்டது என்று நினைத்துக்கொண்டேன். அம்மா வந்து அழைத்துப் போகும்வரை திரைச்சீலை ஒரு மூலையில் தொங்கிக்கொண்டே இருந்தது.

காலாண்டு விடுமுறைக்குப் போனபோது நாவல் வந்திருந்தது. அதில் தோழிப் பெண் ஒருத்தி விளையாட்டாக மோதிரத்தை அகழியில் போட்டுவிடுகிறாள். அரசர் கேட்கும்போது, நான்தான் எறிந்தேன் என்கிறாள் இளவரசி. எனக்கு அது சரியாகப் படவில்லை.

"இளவரசி எதுக்கு சித்தி பொய் சொல்றா?"

"தோழி சின்னப் பொண்ணுடி. பயந்துடும்."

"இளவரசிக்கு எல்லாம் தெரியும்னு தோழிக்குத் தெரியுமா?"

சித்தி பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். "அத இன்னும் எழுதல," என்றாள்.

நான் ஹாலுக்குப் போய்த் திரைச்சீலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுத்து விளையாடினேன். எல்லா வளையங்களும் கம்பியில் இருந்தன. அது ஒரு மூலையும் தொங்காமல் நேராக ஓடியது. சித்திக்கு இவ்வளவு மறதி இருப்பது எவ்வளவு நல்லதாகப் போயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.