வழியில் நிற்கக் கூடாத பெட்டி

காலை ஒன்பது மணிக்கு அன்ரன் வந்து அழைப்பு மணியை அடித்தபோது நான் மேலங்கியும் தொப்பியும் போட்டுக்கொண்டு கதவடியில் கதிரை வைத்து உட்கார்ந்திருந்தேன். மொன்ட்ரியால்-நோரில் இருக்கும் எங்கள் மாடிவீட்டிலிருந்து புவாண்ட்-கிளேர் தபாலகத்துக்கு ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர். நெரிசல் இல்லாவிட்டால் நாற்பதாம் இலக்க நெடுஞ்சாலையால் அரை மணித்தியாலத்தில் போய்விடலாம் என்பார்கள். நெரிசல் இல்லாத நாளை நான் கண்டதில்லை. மகளின் காரில் பின்னால் இருந்து அவளின் கர்க்லாண்ட் வீட்டுக்கும் கோயிலுக்கும் போய் வந்ததைத் தவிர, அந்தப் பக்கம் சொந்த அலுவலாக நான் போனது அன்றுதான். என் கணவரின் கைத்துப்பாக்கியைத் தபாலில் அனுப்பப் போனேன்.

படிக்கிறவர்கள் பயப்பட வேண்டாம். எல்லாம் சட்டப்படிதான் நடந்தது. கைத்துப்பாக்கியை ஒருவர் இன்னொருவருக்கு விற்பதை இந்த நாடு நிறுத்துவதற்கு முந்திய காலம் அது. உரிமம் வைத்திருப்பவருக்கு அப்போது விற்கலாம். இப்போது அப்படி விற்க முடியாது. ஆகவே இது வழிகாட்டி இல்லை. ஒரு பயணத்தின் கதை.

இவர், என் கணவர், புவாண்ட்-கிளேரில் ஒரு பொருட்கிடங்கில் வேலை செய்தார். அங்கே கூட வேலை செய்த மட்டக்களப்புப் பெடியன் அன்ரன்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை இவரைக் குறிபார்த்துச் சுடும் கழகத்துக்குக் கூட்டிப்போனது. பகிடிக்குப் போனவர் திரும்பிவந்து, வகுப்புக்குப் போய், பரீட்சை எழுதி, உரிமமும் எடுத்துவிட்டார். ஊரில் சண்டை நடந்த காலத்தில் துவக்குச் சத்தத்துக்குப் பயந்து கட்டிலுக்குக் கீழே படுத்தெழும்பிய ஆட்கள் நாங்கள். காசு கட்டி அந்தச் சத்தத்தைக் கேட்கப் போகிறாரே என்று எனக்கு விளங்கவில்லை. ஒரே ஒரு தடவை கேட்டேன்.

"அங்க சத்தம் வரேக்க கண்ணை மூடிக்கொண்டு கிடந்தனான். இங்க கண்ணைத் திறந்துகொண்டு கேக்கிறன்," என்றார். பிறகு நான் கேட்கவில்லை. அவரும் அதைப் பற்றி வீட்டில் கதைப்பதில்லை.

அவர் போய் ஒன்றரை வருடம். சின்ன அறையில், தரையோடு ஆணி இறுக்கிய இரும்புப் பெட்டகத்துக்குள் அது பூட்டியபடியே கிடந்தது. செத்தவரின் சொத்தை ஒழுங்குபடுத்தும்வரை அப்படி வைத்திருக்கலாம் என்று துவக்குப் பதிவு அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள். அந்த அறையில்தான் பேரப்பிள்ளைகள் படுப்பது வழக்கம். அவர் இருக்கும்போது மகள் ஒன்றும் சொன்னதில்லை. அவர் போன பிறகு சொல்லிவிட்டாள்.

"அம்மா, அப்பா இருந்தார், திறப்பு அவரிட்டை இருந்தது. இப்ப நீங்கள் தனிய. அது வீட்டிலை இருக்குமட்டும் பிள்ளையளை இரவிலை விடமாட்டன். கோவிக்காதேங்கோ."

கோபிக்க என்ன இருக்கிறது. அவள் சொன்னது சரி. பொலிசுக்குக் கூப்பிட்டுச் சொன்னால் சும்மா வந்து எடுத்துக்கொண்டு போவார்கள் என்றும் சொன்னாள். கொடுத்தால் உருக்கிப்போடுவார்கள் என்றான் அன்ரன். ஞாயிறு தவறாமல் பழைய பனியன் துணியால் இவர் துடைத்துத் துடைத்து வைத்த பொருள். உருக்க எனக்கு மனம் வரவில்லை. அவரைப் போல ஒருவர் வைத்திருந்தால் நல்லது என்று மட்டும் அன்ரனிடம் சொன்னேன். அவன் ஆள் தேடினான். ரெஜைனா நகரத்தில், போட்டிகளில் சுடுகிற ஒரு பெண் வாங்கச் சம்மதித்தாள். அவளின் உரிமத்தைச் சரிபார்த்து, பெயர் மாற்றி, அனுமதி வருவதற்குள் இலையுதிர் காலம் முடிந்து பனி விழத் தொடங்கிவிட்டது.

அனுப்புவதுதான் அடுத்த கேள்வி. துவக்கு ஏற்றிச் செல்ல அனுமதி பெற்ற வண்டிக் கொம்பனி ஒன்று நூற்றெண்பது டொலர் கேட்டது. தபாலில் போனால் அதில் கால்வாசிதான். ஆனால் பெறுபவர் கையெழுத்துப் போட்டு வாங்கும் சேவையில்தான் அனுப்ப வேண்டும். குண்டு இருக்கக் கூடாது. விசையில் ஒரு பூட்டு, பெட்டியில் இன்னொரு பூட்டு. மேலே சுற்றும் அட்டைப் பெட்டியில் உள்ளே என்ன என்று காட்டும் ஒரு சொல்லும் இருக்கக் கூடாது. அன்ரன் தான் வேலை செய்யும் இடத்துக்குப் பக்கத்துத் தபாலகத்தில் முன்கூட்டியே கேட்டு வைத்திருந்தான். உரிமம் உள்ளவன் அவன் என்பதால், என் வீட்டிலிருந்து அந்தத் தபாலகத்துக்கு அதைக் கொண்டுபோக அவன் பெயரில் ஒரு அனுமதிப் பத்திரமும் வந்திருந்தது.

அன்ரன் பெட்டகத்தைத் திறந்து, பார்த்து, பூட்டி, பொதிசெய்தான். நான் கதவு நிலையில் நின்றுகொண்டேன். காரின் பின்பெட்டியில் வைத்து அதையும் பூட்டினான். நான் முன்னால் ஏறி, என் துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டேன்.

"பைக்குள்ள என்ன அக்கா? மத்தியானச் சாப்பாடா?"

"இல்லைத் தம்பி."

"சரி, நான் கேக்கல."

நான் கூச்சக்காரி என்பது அவனுக்குத் தெரியும். வானொலியைச் சின்னதாகப் போட்டுவிட்டு ஓட்டினான். வீதியின் இருபக்கமும் எங்கள் வீட்டைப் போன்ற செங்கல் மாடிகள், வெளியே வளைந்து இறங்கும் இரும்புப் படிகள், படிகளில் உப்புத் தூவும் ஆட்கள். நெடுஞ்சாலையில் ஏறியதும் எல்லாம் கீழே போய்விட்டது. பாரவண்டிகள் அடித்த சேற்றுப்பனி கண்ணாடியில் வந்து விழ, அதைத் துடைக்கும் தடி போய் வந்துகொண்டிருந்தது. இவர் கனகாலம் வேலைக்குப் போன பாதை இதுதான். வேலை எப்படி என்று கேட்டிருக்கிறேன். பாதை எப்படி என்று கேட்டதில்லை. பார்க்க ஒன்றுமில்லாத பாதை. சுவர், பலகை, கிடங்கு, மறுபடி சுவர்.

விமான நிலையத்துக்குப் பிரியும் இடத்தைத் தாண்டியபோது பத்து மணியாகிவிட்டது. இன்னும் கொஞ்சத் தூரத்தில் ஒரு வெளிவழி வரும். அதால் இறங்கி வடக்கே போனால் எங்கள் கோயில். வீட்டிலிருந்து புறப்பட்ட நேரம் முதல் மனத்துக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்த வசனத்தை அப்போது சொன்னேன்.

"தம்பி, கோயிலடியிலை ஒருக்கா நிப்பாட்டிப்போட்டுப் போவமே?"

அன்ரன் என் மடியைப் பார்த்தான்.

"அக்கா, பைக்குள்ள தேங்காயோ?"

"ஓம். கற்பூரமும் கிடக்கு. உள்ளை போகத் தேவையில்லை. வாசல்லை ஒரு தேங்காய் அடிச்சால் காணும்."

எங்கள் ஆட்கள் புதுக் கார் எடுத்தால் முதலில் கோயிலுக்கு விடுவார்கள். ஊருக்கு விமானம் ஏறப் போகிறவர்களும் போகிற வழியில் நிற்பார்கள். வீட்டைவிட்டு ஒன்று தூரம் போகிறதென்றால் அப்படித்தான். அவரின் பொருளும் தூரம்தானே போகிறது.

அவன் சிரித்தான். பிறகு சிரிப்பை விட்டான்.

"ஏலாது அக்கா. இது பின்னால கிடக்குமட்டும் நேர போகணும். வீட்டிலயிருந்து தபாலகம், அவ்வளவுதான். நடுவில இறங்கித் திரியக் கூடாது. பொலிஸ் மறிச்சா என்ர பத்திரமும் போகும், உங்கட அலுவலும் போகும். அது திரும்ப உங்கட வீட்டுக்குத்தான் வரும்."

"எனக்குத் தெரியாது தம்பி."

"அண்ணை சொல்லல்லையா? கிளப்பில அவருக்குப் பாலண்ணை எண்டுதான் பேர்."

"என்ன பேர்?"

"பாலண்ணை. ஞாயிறு முடிஞ்சு வெளிக்கிடேக்க ஒவ்வொரு நாளும் சொல்லுவார், மனுசி பால் வாங்கியரச் சொன்னவ, ஆனா வழியில நிக்க ஏலாது எண்டு. கடைவாசலால தான் காரைக் கொண்டுபோவார். நிப்பாட்ட மாட்டார். நாங்க நக்கலடிப்பம். அண்ணை, அஞ்சு நிமிசம், பூட்டித்தானே கிடக்கு எண்டுவம். பாலுக்கும் நிக்க மாட்டன் எண்டுவார்."

இவர் ஞாயிற்றுக்கிழமைகளில் வெறுங்கையோடு வருவார். "பால் எங்கை?" என்பேன். "ஐயோ" என்பார். பெட்டியை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு, கழற்றிய சப்பாத்தைத் திரும்பப் போட்டுக்கொண்டு, மூலையில் இருக்கும், டெப்பனேர் என்கிற சின்னக் கடைக்குப் பனிக்குள் நடந்து போவார். ஒவ்வொரு ஞாயிறும் எப்படி ஒரு மனிதனுக்கு மறக்கும் என்று நான் மகளிடம்கூடச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். துவக்குக் கதையை என் முன்னால் எடுக்கக் கூடாது என்று மறதிக்காரனாகவே இருந்துவிட்டார்.

பையின் வாயை முடிச்சுப் போட்டேன். போடும்போது தேங்காய் ஆடி உள்ளே தண்ணீர் சலசலத்தது. அன்ரனுக்கு அது கேட்டிருக்க வேண்டும். வெளிவழிப் பலகை வந்தபோது டிக் டிக் என்று சமிக்ஞை விளக்கைப் போட்டான்.

"ரெண்டு நிமிசம் அக்கா. நான் காருக்குள்ளயே இருக்கன், நீங்க அடிச்சிட்டு ஓடி வாங்க. ஆருக்குத் தெரியப்போகுது?"

"இவருக்குத் தெரியும்," என்றேன். "நேரை போங்கோ தம்பி."

அவன் விளக்கை அணைத்தான். வெளிவழி வலப்பக்கமாகப் பிரிந்து போனது.

தபாலகம் ஒரு பெரிய கடைத்தொகுதிக்குப் பின்னால் இருந்தது. உள்ளே வெக்கை. எங்களுக்கு முன்னால் நாலைந்து பேர், நத்தார்ப் பண்டிகைக்கு அனுப்பும் பொதிகளோடு. பளபளக்கும் தாள், சிவப்பு நாடா. எங்கள் பெட்டி மட்டும் மண்ணிறமாய் வெறுமையாக இருந்தது. அன்ரன் அதைக் கைமாற்றாமல் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றான்.

மேசைக்குப் பின்னால் இருந்த பெண் "போன்ஜூர்" என்றாள். நானும் சொன்னேன், ஆனால் சத்தம் வரவில்லை. அன்ரன் குனிந்து மெதுவாகப் பிரெஞ்சில் விளக்கினான். அவள் பத்திரத்தைப் பார்த்தாள், அவனின் உரிமத்தைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். என்னத்தைக் கேட்கப் போகிறாளோ என்று அன்ரனின் பக்கமாக ஒதுங்கினேன். அவள் அன்ரனிடம் ஏதோ கேட்டாள்.

"அண்ணையின்ரயா எண்டு கேக்கிறா அக்கா."

நான் தலையாட்டினேன். அவள் பெட்டியைத் தராசில் வைத்தாள். இரண்டு கிலோ சொச்சம். இரண்டு பை சீனியின் பாரம். கையெழுத்துச் சேவையோடு நாற்பத்தொரு டொலர் எழுபது சதம். வரிகளோடு இன்னும் கொஞ்சம் ஏறியது. ஒட்டுத்தாளை ஒட்டி, உள்ளங்கையால் அழுத்தித் தடவினாள். அதைப் பின்னால் எடுத்துப் போகிறதற்கு முதல், ஏனோ தெரியாது, பெட்டியை என் பக்கமாகக் கொஞ்சம் தள்ளி வைத்தாள். நான் ஒரு விரலால் மூலையைத் தொட்டேன். பிறகு அவள் தூக்கிக்கொண்டு போனாள். "மெர்சி" என்று நான் சொன்னபோது அவளுக்குப் பின்னால் உள்கதவு ஆடி மூடிவிட்டது.

காரில் ஏறியதும் அன்ரன் பெருமூச்சு விட்டான்.

"இப்ப எங்க வேணுமெண்டாலும் நிப்பாட்டலாம் அக்கா. கோயிலுக்கு விடட்டா?"

"வேண்டாம் தம்பி. தேங்காய் அதுக்குத்தான் கொண்டு வந்தனான். எனக்கில்லை."

"அப்ப தேங்காய்?"

"நீங்கள் கொண்டு போங்கோ."

"நல்லது. நான் வேதக்காரன், சம்பலுக்குத்தான் உடைப்பன். மறுகா சாமி என்னைக் கோவிக்கக் கூடாது," என்றான். மறுகா என்றால் அவர்கள் ஊரில் பிறகு என்று அர்த்தம்; வேதக்காரன் என்றால் கிறிஸ்தவன். அன்று முதல் தடவையாகச் சிரித்தேன்.

"அப்ப எங்கயும் நிக்கத் தேவையில்லையா?"

"பாலுக்கு நிப்பாட்டுங்கோ," என்றேன்.

கடைத்தொகுதி வாசலிலேயே நிறுத்தினான். அவர் போன பிறகு நான் ஒரு லீற்றர்ப் பெட்டிப் பால்தான் வாங்குவது. அதுவும் சில கிழமை புளித்துப்போகும். அன்று நாலு லீற்றர் எடுத்தேன். இங்கே அது ஒரு பெரிய பைக்குள் மூன்று சின்னப் பைகளாக இருக்கும். குளிர்ந்த பாரத்தை மடியில் வைத்துக்கொண்டு வந்த பாதையாலேயே திரும்பினோம். திரும்பும்போது அந்தப் பாதை இன்னும் நீளமாக இருந்தது. பின்பெட்டியில் ஒன்றும் இல்லை. எங்கும் நிற்கலாம். நிற்க ஒரு இடமும் எனக்குத் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்து மகளுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"அது போட்டுது பிள்ளை."

அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "அப்ப வெள்ளிக்கிழமை பின்னேரம் பிள்ளையளைக் கொண்டுவந்து விடட்டே அம்மா?" என்றாள்.

"ஓம்" என்றேன்.

பொதி போகிற இடங்களை அன்ரன் கைபேசியில் பார்த்துப் பார்த்து எனக்குச் சொன்னான். அன்று இரவு மிசிசாகாவில் நிற்கிறதாம். பிறகு வினிப்பெக்கில் ஒரு நாள் முழுக்க நின்றதாம், பனிப்புயல். பாலுக்குக்கூட அவர் வழியில் நிறுத்தாத பொருள், நான் காணாத ஊர்களில் எல்லாம் நின்று நின்று போனது. ரெஜைனாவில் அந்தப் பெண் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டாள். பெட்டி திறக்காமல் பத்திரமாக வந்தது என்று அன்ரனுக்குச் செய்தி அனுப்பியிருந்தாள். அவர் துடைக்கிற பனியன் துணியைச் சேர்த்து அனுப்பியிருக்கலாமோ என்று அப்போதுதான் நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை பிள்ளைகள் வந்தார்கள். சின்ன அறையில் பாய் விரித்துப் படுத்தார்கள். தங்களுக்குள் பிரெஞ்சில் கதைத்துச் சிரித்தார்கள். நான் சுவருக்கு இந்தப் பக்கம் படுத்து, விளங்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன். இரண்டு பை பால் முடிந்தது. ஞாயிறு மத்தியானம் மகள் வந்து கூட்டிக்கொண்டு போனாள்.

கழகத்திலிருந்து அவர் திரும்பி வரும் நேரம் வந்தது. குளிர்ப்பெட்டியைத் திறந்து பார்த்தேன். மூன்றாவது பை உடைக்காமல் இருந்தது. அந்த ஞாயிறு பால் வாங்கிவரச் சொல்லத் தேவையில்லை.