பொட்டு வைக்காத ஸ்பேனர்

ஆயுத பூசையன்று காலையில் காருக்குச் சந்தனம் வைக்கக் குனிந்த தேவிகா கிண்ணத்தைக் கீழே வைத்தாள். கியர்பாக்ஸுக்கு நேர் கீழே தரையில் சிவப்பு எண்ணெய் தேங்கிக் கிடந்தது. முந்தாநாள்தான் மெக்கானிக் உத்திராபதி அதன் எண்ணெய்த் தட்டைக் கழற்றி, கசிவை அடைக்கும் பேக்கிங்கை மாற்றிப் பூட்டிவிட்டுப் போனார். இப்போது முன்னைவிட மோசமாக ஒழுகுகிறது. மத்தியானம் அவள் அண்ணன் கதிரவன், கார் வாங்கப் பக்கத்து ஊரான பூவத்திலிருந்து ஆளை வரச் சொல்லியிருந்தான். "அதுக்குள்ள ஒழுகல் நிக்கலன்னா குடுத்துடலாம், சரியா?" என்று அவன் கேட்டபோது, வீறாப்பில் "சரி" என்று தலையாட்டித் தொலைத்திருந்தாள்.

ஊருக்கு அது ஓட்டைக் கார். தேவிகாவுக்கு அப்படியில்லை. சின்ன வயதில் வந்த இளம்பிள்ளைவாதத்தில் இடது கால் சூம்பிப்போனது. கிளட்ச் இல்லாத வண்டியாகத் தேடித் தேடி இதை வாங்கினாள். ஓட்ட வலது கால் ஒன்றே போதும். அதற்கு முன்பெல்லாம் விழிதியூரிலிருந்து காரைக்கால் ஆபீசுக்கு அண்ணனின் பைக்கில்தான் போக்குவரத்து. அவன் தங்கமான ஆள், இல்லையென்று யார் சொன்னது? ஆனால் நடவு நாட்களில் அவன் வயலில் நிற்பான். இவள் வாட்ச்மேன் கேட்டைப் பூட்டும்வரை ஆபீஸ் வாசலில் நிற்பாள். கோபப்படவும் முடியாது. கூட்டிப்போக வருகிறவனிடம் என்னவென்று கோபப்படுவது?

உத்திராபதி ஊருக்கே டிராக்டர் மெக்கானிக். போன் போட்டதும் வந்துவிட்டார், ஆனால் வெறுங்கையோடு.

"சாமானெல்லாம் பூசையில வச்சாச்சு தங்கச்சி. நாளைக்குத்தான் எடுப்பேன். இன்னைக்கு என் கை ஸ்பேனரத் தொடாது."

"நாளைக்கு இந்தக் கார் பூவத்துல நிக்கும்ணே!"

"சாமி காரியம். நான் என்ன பண்றது, சொல்லு?"

தேவிகாவுக்குச் சுரீரென்று ஏறியது. டிக்கியைத் திறந்து, ஸ்டெப்னிக்கு அடியிலிருந்து ஒரு பையை உருவினாள். காரோடு வந்த ஸ்பேனர்கள். அவற்றுக்குப் பொட்டு வைக்கவே மறந்திருந்தாள்.

"இது பூசையில இல்ல. நீங்க தொட வேணாம், நான் தொட்டுக்குறேன். வாயால சொன்னா போதும்."

காரின் முன்சக்கரங்கள் முந்தாநாள் ஏற்றிய பனங்கட்டைகள் மேல்தான் இன்னும் நின்றன. சாக்கை விரித்து, காலை இழுத்துக்கொண்டு அடியில் நகர்ந்தாள். போல்ட்டுகள் அசைவேனா என்றன.

"ஏண்ணே இப்படி முறுக்கி வச்சீங்க?"

"டிராக்டருக்குப் பைப்பப் போட்டு முறுக்குனாத்தான் அடங்கும்."

ஒவ்வொன்றாக வழிக்குக் கொண்டுவந்தாள். தட்டு விடுபட்டபோது எண்ணெய் அடியில் வைத்த பேசினுக்குள் பாதியும் அவள் முகத்திலும் தோளிலும் மீதியுமாக ஊற்றியது. தட்டைத் துடைத்துச் சிமெண்டுத் தரையில் கவிழ்த்தாள். ஒரு மூலை லொடக்கென்று ஆடியது. விளிம்பில் போல்ட் துளை இருந்த இடமெல்லாம் குழிந்திருந்தது.

உத்திராபதி அதை விரலால் தடவிப் பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். "வார்ப்பிரும்புன்னு நெனச்சுல்ல முறுக்கிட்டேன். இது வெறும் தகரம். நான்தான் கெடுத்தேன் தங்கச்சி."

திட்டத்தான் வாய் வந்தது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்ததும் விழுங்கிக்கொண்டாள்.

தட்டி நேராக்க வேண்டும். சுத்தியல் பூசையில். இவள் வீட்டு அம்மிக்குழவிக்குக்கூடக் காலையிலேயே பொட்டு வைத்தாகிவிட்டது. உத்திராபதி வேலியோரம் போய் ஒரு கருங்கல்லைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"கல்லு ஆயுதமில்லையாண்ணே?"

"சும்மா இரு. கல்லு கல்லுதான்."

பலகை மேல் விளிம்பை வைத்து, தட்டு ஆடாமல் உட்காரும்வரை மெல்ல மெல்லத் தட்டினார். நல்லவேளை, தேவிகா பேக்கிங் இரண்டாக வாங்கியிருந்தாள். மறுபடி அடியில் போனாள்.

"எதிரெதிரா பூட்டு. முறுக்காத. போதுமான்னு சந்தேகம் வர்றப்பவே நிறுத்திடு."

தெருமுனையில் கதிரவனின் பைக் சத்தம் கேட்டது. பின்னாலேயே இன்னொரு பைக். இன்னும் ஒரு சுற்று, ஒரே ஒரு சுற்று என்று கை பரபரத்தது. முறுக்கினால் போச்சு, முறுக்காமல் ஒழுகினாலும் போச்சு. பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்பேனரைக் கீழே போட்டாள்.

உத்திராபதி புது எண்ணெய் ஊற்றினார். காரைக் கட்டையிலிருந்து இறக்கி, இன்ஜினை ஓடவிட்டு, அளவு பார்த்தார்கள். இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. பிறகு உத்திராபதி நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார். தேவிகா காரில் ஏறி அவற்றை நசுக்கிக்கொண்டு முன்னால் போனாள்.

கதிரவன் குனிந்தான். "ஈரம் இருக்கு பாரு."

அவன் தொட்டு முகர்ந்தான். எலுமிச்சைச் சாறு. காருக்கு அடியில் தலையை விட்டுப் பார்த்தான். தட்டு உலர்ந்திருந்தது.

பூவத்துக்காரர், "என்னங்க, குடுக்குறீங்களா இல்லையா?" என்றார்.

கதிரவன் தங்கையின் பக்கம் திரும்பினான். "வித்தா நான் கொண்டுபோய் விடமாட்டேன்னா நெனச்ச?"

"விடுவ அண்ணா. நீ வர்ற வரைக்கும் நிக்கிறதுதான் என்னால முடியல."

எண்ணெய் வழியும் முகத்தோடு அழுகிறாளா என்று அவனுக்குத் தெரியவில்லை.

"வண்டி குடுக்குறதுக்கில்லைங்க, மன்னிச்சுக்கங்க" என்று பூவத்துக்காரரை அனுப்பினான். பிறகு பைக் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, காரைச் சுற்றி வந்து, அவளுக்குப் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தான்.