தம்பியின் பெயரில் வந்த வீட்டு வரி

போன வருடம் மே மாதம் ஐந்தாம் திகதி. காலை ரெயினில் இடம் கிடைக்காமல் நின்றபடி போனைப் பார்த்தேன். என் வங்கிக் கணக்கில் பதினொரு பவுணும் சில்லறையும் கிடந்தது. சம்பளம் வந்து ஒரு கிழமைகூட ஆகவில்லை. வீட்டுக் கடனுக்குக் கட்டுகிற அந்த மாத மோட்கேஜ் காசு, கணக்கில் பணம் போதாது என்று திரும்பிப் போயிருந்தது.

என்னால் நிற்கவும் ஏலவில்லை. விம்பிள்டனில் இறங்க வேண்டியவள் ஒரு ஸ்டேஷன் முன்னாலேயே இறங்கி நடக்கத் தொடங்கிவிட்டேன். எதற்கு நடக்கிறேன் என்று எனக்கே தெரியாது. அன்று தொடங்கிய நடை, அடுத்த ஒன்றரை மாதமும் நிற்கவே இல்லை.

நான் சுகந்தி. லண்டனில் சட்டன் பகுதியில் இருக்கிறேன். விம்பிள்டனில் வயதானவர்களைப் பராமரிக்கிற ஒரு இல்லத்தில் வேலை. கணவர் ஆறு வருடத்துக்கு முதல் மாரடைப்பில் போய்விட்டார். அவர் வாங்கின இரண்டு அறை வீட்டில் நானும் மகள் அனிற்றாவும் மட்டும். அவளுக்குப் பதினொரு வயது. வங்கிக்குக் கட்டி முடிக்க இன்னும் பதினாறு வருடம் இருக்கிறது. நம் மாதா கோயில் பங்கில் என்னைத் தெரிந்தவர்களுக்கு என் வாயையும் தெரியும். பொறுமைக்கு என்னிடம் பேர் கிடையாது. அதையும் சேர்த்துத்தான் இந்தச் சாட்சியை எழுதுகிறேன்.

காசை எடுத்தது கவுன்சில், இங்கத்தைய நகரசபை. வீட்டு வரி என்று இரண்டாயிரத்துக்கு மேலே ஒரே இழுவையாக இழுத்திருந்தார்கள். இங்கே வீட்டில் பெரியவர் ஒருவர் மட்டும் இருந்தால் அந்த வரியில் நாலில் ஒரு பங்கு கழித்துத்தான் கேட்பார்கள். கணவர் போனதிலிருந்து எனக்கு அந்தக் கழிவு இருந்தது. இப்போது அதை நிறுத்தி, நாலு வருடத்துக்கு முன்னிருந்தே கணக்குப் போட்டுவிட்டார்கள். போன் எடுத்துக் கேட்டால், "உங்கள் முகவரியில் இன்னொரு பெரியவரின் பெயர் வாக்காளர் பட்டியலில் இருக்கிறது. மூன்று கடிதம் அனுப்பினோம். பதில் இல்லை" என்றார் அங்கே இருந்த பெண்.

அந்தப் பெயர் ரூபன். என் சின்னம்மாவின் மகன். எனக்குத் தம்பி முறை.

நம்மவர்களுக்கு அட்ரஸ் கொடுப்பது தாகத்துக்குத் தண்ணீர் கொடுப்பது போல. யாரும் இரண்டு முறை யோசிப்பதில்லை. ரூபன் லண்டனுக்கு வந்த புதிதில் எங்களோடு ஏழு மாதம் இருந்தான். அதற்குப் பிறகு லெஸ்டரில் வேலை கிடைத்துப் போய்விட்டான். அங்கே ரூம் ரூமாக மாறிக்கொண்டிருந்ததால், கடிதம் தொலையும் என்று வங்கிக்கும் வாக்காளர் பட்டியலுக்கும் மற்றதுக்கும் என் அட்ரஸையே வைத்துக்கொண்டான். வருடா வருடம் வாக்காளர் பட்டியல் பற்றிக் கவுன்சிலிலிருந்து எனக்குக் கேள்வி வரும். மாற்றம் இல்லை என்று போனில் ஒரு தட்டுத் தட்டிவிடுவேன். அந்தத் தட்டில் ரூபனும் என் வீட்டில் இருக்கிறான் என்று நானே ஒவ்வொரு வருடமும் கவுன்சிலுக்குச் சொல்லியிருக்கிறேன்!

மூன்று கடிதமும் எங்கே போனது? படிக்கட்டுக்குக் கீழே ஒரு கடைப் பை. ரூபனுக்கு வருவதை எல்லாம் அதற்குள் எறிவேன். ஜன்னல் வைத்த கவர் என்றால் அவனுடைய கார் ஃபைனாகத்தான் இருக்கும் என்று, பெயரைக்கூடப் பார்க்காமல் எறிந்திருக்கிறேன். பையைக் கொட்டிப் பார்த்தபோது என் பெயரிலேயே மூன்று கவர் கிடந்தது. தரையில் குந்தியிருந்து அழுதேன். அழுது முடிய அவனைத்தான் திட்டினேன்.

மோட்கேஜ் எடுத்துத் தருகிற அண்ணை அடுத்த நாள் போன் எடுத்தார். எங்களுடைய பழைய வட்டி ஒப்பந்தம் ஜூன் முடிவோடு முடிகிறது. புது வட்டிக்கு மாறினால் மாதம் இருநூறு பவுண் கூடும் என்று ஏற்கெனவே மனதைத் தயார்படுத்தி வைத்திருந்தேன்.

"தங்கச்சி, ஒரு பேமெண்ட் திரும்பியிருக்கு. அதைக் கட்டி முடிக்கும் வரைக்கும் புது டீல் தரமாட்டினம். ஜூன் முப்பதுக்குள்ள சரிவராட்டி, வங்கியின்ர சாதாரண வட்டிக்குப் போயிடும்."

"அப்ப எவ்வளவு கூடும் அண்ணை?"

"ஐந்நூறுக்கு மேல."

அந்தக் காசுக்கு நான் எங்கே போவேன்? மாதம் ஐந்நூறு கூடினால் வீட்டை விற்பதைத் தவிர வழியில்லை. விற்றால் அனிற்றாவின் பள்ளிக்கூடம், என் வேலை, நம் கோயில், எல்லாம் விட்டுப் போக வேண்டும். பிள்ளைக்கு முன்னால் சிரித்துக்கொண்டு சமைத்தேன். உப்புப் போட்டேனா இல்லையா என்று தெரியாமல் இரண்டு முறை போட்டேன்.

உண்மையில் கவுன்சில் பெண் வழியையும் சொல்லியிருந்தார். ரூபன் வேறு இடத்தில் இருந்தான் என்பதற்கு வாடகை ஒப்பந்தம், அங்கே அவன் கட்டின வரி பில், ஏதாவது அனுப்பினால் கழிவைத் திருப்பித் தருவோம் என்றார். ரூபனுக்கு ஒரு போன் எடுத்தால் போதும். அதைச் செய்ய எனக்கு மனம் வரவில்லை. நானும் அவனும் கதைத்து மூன்று வருடம்.

அனிற்றா முதன்முதல் நற்கருணை வாங்கிய முதல்நன்மைப் பார்ட்டிக்கு அவன் இரண்டு மணித்தியாலம் பிந்தி வந்தான். கேக் வெட்டி முடிந்துவிட்டது. எனக்குக் கோபம் ஏறிவிட்டது. ஹோல் நிறையச் சனம் இருக்க, "உனக்குக் கடிதம் பொறுக்கி வைக்க என்ர வீடு போஸ்ட் ஒஃபீஸோ?" என்று கத்தினேன். அவன் கொண்டு வந்த பரிசைப் பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். பிழை யாருடையது என்று அன்றே எனக்குத் தெரியும். அதனால்தான் போன் எடுக்கக் கூச்சம்.

அந்த ஒரு போனுக்குப் பதிலாக நான் எல்லாம் செய்தேன். சீட்டுப் பிடிக்கிற அக்காவைத் தேடி பிளேஸ்டோ வரைக்கும் போய், என் சீட்டை முந்தித் தரச் சொல்லிக் கெஞ்சினேன். அவர் தேத்தண்ணி தந்தார், சீட்டுத் தரவில்லை. நகையை எடுத்துக்கொண்டு கடை வாசல் வரைக்கும் போய்த் திரும்பினேன். ஒரு இடத்தில் இருக்க முடியவில்லை. பஸ்ஸில் ஏறினால் இறங்க வேண்டும் போல, இறங்கினால் ஏற வேண்டும் போல.

மாதாவுக்கு நவநாள் தொடங்கினேன். ஒன்பது நாளும் செபமாலையை நடந்துகொண்டே சொன்னேன். முழங்காலில் நின்றால் ஐந்து நிமிடத்தில் எழும்பிவிடுவேன். வெள்ளிக்கிழமை செபக் குழுவில் "ஒரு முக்கியமான கருத்துக்காக" என்று மட்டும் சொல்லி உங்களை எல்லாம் செபிக்கச் சொன்னேன். என்ன கருத்து என்று சொல்ல வெட்கம். ஆண்டவரிடம் மட்டும் நேராகவே கேட்டேன். காசு தாரும், எங்கிருந்தாவது தாரும், அவனிடம் மட்டும் என்னை அனுப்பாதேயும். சண்டை பிடிக்கிற மாதிரித்தான் கேட்டேன்.

ஏழாம் நாள் வேலை முடிந்து கோயிலுக்குப் போனேன். உள்ளே ஒருவரும் இல்லை. பரலோக மந்திரம் சொன்னேன். பிறர் குற்றத்தைப் பொறுக்கிற இடம் வந்ததும் வாய் நின்றுவிட்டது. திரும்பத் தொடக்கத்திலிருந்து சொன்னேன். அதே இடத்தில் நின்றது. அவன் எனக்குச் செய்த குற்றம் என்ன என்று யோசித்தேன். பிந்தி வந்தது. அவ்வளவுதான். மற்றதெல்லாம் நான் செய்தது. எனக்கு உடம்பு கூசியது. ஒன்பது நாள் முடியட்டும் என்றுகூடக் காத்திருக்கவில்லை. வெளியே வந்து கோயில் மதிலோடு நின்று அவனுக்குப் போன் எடுத்தேன்.

"அக்கா? என்ன அக்கா, அனிற்றாவுக்கு ஏதுமோ?"

மூன்று வருடத்துக்குப் பிறகு அவன் கேட்ட முதல் கேள்வி அது. மன்னிப்புக் கேட்பதற்கு எவ்வளவோ வசனம் யோசித்து வைத்திருந்தேன். வாயில் வந்தது வேறு.

"பிள்ளை சுகமா இருக்கிறாள். உன்ர பெயராலதான் நான் நடுத்தெருவில நிக்கிறன்!"

பிறகு அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். பார்ட்டியில் கத்தியதற்கும் மன்னிப்புக் கேட்டேன். முழுதும் கேட்டுவிட்டு அவன் சொன்னான்.

"ஞாயிற்றுக்கிழமை பேப்பரோட வாறன். நீங்கள் அழாதேங்கோ அக்கா."

வந்தான். லெஸ்டரில் இருந்த மூன்று ரூமின் வாடகை ஒப்பந்தமும், வரி கட்டின பில்லும், எல்லாம் திகதி வாரியாக ஒரு ஃபைலில் இருந்தது. என்னைப் போலப் பைக்குள் எறிகிறவன் இல்லை. அவனுக்குச் சோறு போட்டுவிட்டுக் கவுன்சில் படிவத்தை மேசையில் விரித்தேன். அதில் ஒரு கேள்வி. இவர் உங்கள் வீட்டில் எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதி வரைக்கும் இருந்தார்?

அந்த ஏழு மாதம். அந்த நாளிலும் நான் தனி ஆள் என்றுதான் கழிவு எடுத்திருக்கிறேன். தம்பி வந்து நிற்பதைக் கவுன்சிலுக்கு யார் சொல்வார்கள் என்று அப்போது நினைத்திருந்தேன்.

ரூபன் மெதுவாகச் சொன்னான். "அக்கா, அதை விடுங்கோ. அந்த நேரம் நான் பிளேஸ்டோவில தன்னோட இருந்தனான் எண்டு என்ர சிநேகிதன் ஒரு கடிதம் தருவான். கேட்டுட்டன்."

சொன்னால் நம்புவீர்களோ தெரியாது, எனக்கு ஆசையாக இருந்தது. இரண்டாயிரமும் முழுதாகத் திரும்பி வரும். உண்மையை எழுதினால் ஏழு மாதத்தைக் கட்டவேண்டும், பொய் சொன்னதற்கு அபராதமும் போடலாம், மற்ற வருடங்களையும் நம்பாமல் விடலாம். பிறகு வீடு? குசினிக்கும் ஹோலுக்கும் நடந்தேன். எத்தனை தரம் நடந்தேனோ தெரியாது. நேற்று வரைக்கும் மாதாவிடம் செபமாலை சொன்ன வாயால் இன்றைக்கு இதைச் சொல்ல ஏலாது என்று பட்டது. பயத்தோடுதான் சொன்னேன்.

"வேண்டாம். உள்ளதை எழுது."

"அக்கா, வீடு போனா?"

"எழுது எண்டு சொல்லுறன்!"

அவன் எழுதினான். வந்த திகதி, போன திகதி, இரண்டையும். அறிவிக்காதது என் பிழை என்று கீழே நானே எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

பதில் வர ஆறு கிழமை ஆகலாம் என்று கவுன்சில் இணையத்தில் போட்டிருந்தது. எங்களுக்கு மூன்று கிழமைதான் இருந்தது. அந்த நாட்களை எப்படிக் கடந்தேன் என்று கேட்காதீர்கள். வேலையில் ஒரு வயதான அம்மா, "நீ ஏன் இப்படிச் சுற்றிச் சுற்றி வருகிறாய், தலை சுற்றுகிறது" என்று என்னைத் திட்டினார்.

பதினோராம் நாள் கவுன்சிலிலிருந்து போன். வேறு ஒரு பெண். தன் முன்னால் எங்கள் படிவம் இருப்பதாகச் சொன்னார். "அவர் உங்கள் வீதியில் கார் நிறுத்த எங்களிடம் பெர்மிட் எடுத்திருக்கிறார். தெரியுமா?" என்று கேட்டார்.

பெர்மிட்! ரூபன் வந்த புதிதில் ஒரு பழைய கார் வாங்கினான். அதை வாசலில் நிறுத்த அந்த பெர்மிட்டை இணையத்தில் எடுத்துக் கொடுத்ததே நான். அடியோடு மறந்துபோனேன். அவனும் மறந்துபோனான்.

அந்தப் பெண் தொடர்ந்து சொன்னார். லெஸ்டருக்குப் போகும்போது ரூபன் அந்த பெர்மிட்டை நிறுத்தி, புது அட்ரஸையும் அவர்களுக்கே எழுதிக் கொடுத்திருக்கிறான். நாங்கள் படிவத்தில் எழுதிய திகதிகளும் அவர்களிடம் இருந்த திகதிகளும் ஒத்துப்போனது. அதனால் இதற்கு மேல் விசாரிக்கத் தேவையில்லை, ஏழு மாதத்துக்கு மட்டும் கட்டினால் போதும், அபராதம் இல்லை, மிச்சக் காசு கணக்குக்கு வரும் என்றார்.

போனை வைத்துவிட்டு அப்படியே இருந்தேன். ஒன்றரை மாதத்தில் முதல் தரம் ஒரு இடத்தில் இருந்தேன். சிநேகிதனின் கடிதத்தை அனுப்பியிருந்தால் அந்த ஒரு பெர்மிட்டே எங்களைப் பொய்யர் ஆக்கியிருக்கும். எல்லாம் போயிருக்கும். மேசையில் நான் "உள்ளதை எழுது" என்று கத்தியபோது எனக்கு அந்தத் துணிவை யார் தந்தார் என்று எனக்குத் தெரியும். ஆண்டவருக்குத் தோத்திரம்!

ஜூன் இருபத்தாறாம் திகதி காசு வந்தது. அன்றே திரும்பின மோட்கேஜைக் கட்டினேன். இருபத்தெட்டாம் திகதி அண்ணை போன் எடுத்து, "தங்கச்சி, புது வட்டி டீல் லொக் ஆகிட்டுது" என்றார். எனக்குக் கத்தி அழ வேண்டும் போல இருந்தது. ரெயினில் நின்றதால் அடக்கிக்கொண்டேன்.

மோட்கேஜ் கூடவே இல்லை என்று நான் சாட்சி சொல்லமாட்டேன். மாதம் இருநூறு கூடித்தான் இருக்கிறது. அதற்காகச் சனிக்கிழமையும் ஒரு ஷிப்ட் செய்கிறேன். கால் நோகும்போது முணுமுணுக்கிறேன். என் வாயும் முழுதாக மாறிவிடவில்லை. ஆனால் வீடு இருக்கிறது. பிள்ளை அதே பள்ளிக்கூடத்துக்குப் போகிறாள். வாக்காளர் பட்டியலில் இப்போது என் பெயர் மட்டும். இந்த நத்தார்ப் பண்டிகைக்கு ரூபன் வந்து நின்றான். பிந்தித்தான் வந்தான். இந்த முறை கேக் வெட்டாமல் காத்திருந்தோம்.

சகோதர சகோதரிகளே, உங்களுக்கும் ஏதாவது ஒரு பில் வந்து நெஞ்சை அடைத்தால், பயப்படாமல் கேளுங்கள். சண்டை பிடித்தும் கேட்கலாம், அவர் கோபிக்கமாட்டார். கேட்கும்போது ஒன்றை மட்டும் பாருங்கள். யாரிடம் போகாமல் தப்புவதற்காக அவரிடம் போய் நிற்கிறீர்கள்? நான் ஏழு நாள் வானத்தைப் பார்த்துக் கேட்டேன். ஆண்டவர் தந்த பதில் அவ்வளவு நாளும் என் போனில், தம்பியின் பெயரில் இருந்தது.