தங்கை வீடியோவில் வராத காலை

என் தங்கை மலருக்குக் காது கேட்காது. அவள் பாலிக் புலாவில் தனியாக இருக்கிறாள், நான் முக்கால் மணி நேரக் கார் தூரத்தில் ஜார்ஜ் டவுனில் இருக்கிறேன். தினமும் காலையில் வீடியோவில் கைஜாடையால் பேசிக்கொள்வோம்.

சென்ற மாதம் ஒரு நாள் அழைப்பே போகவில்லை. அனுப்பிய செய்திகளும் அவளைச் சேரவில்லை. முந்தின நாள் தலை சுற்றுகிறது என்று அவள் சொன்னது நினைவுக்கு வந்தது.

"அங்க லைன் போயிருக்கும் லா, கொஞ்சம் பொறு" என்றார் கணவர். என்னால் முடியவில்லை. காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

மலர் கைப்பையோடு தன் வீட்டு வாசலில் நின்றிருந்தாள். என்னைத் தேடித்தான் புறப்பட்டுக்கொண்டிருந்தாளாம். ஓடிவந்து என் முகத்தைத் தடவிப் பார்த்தாள். பிறகு அவள் கைகள் படபடத்தன: "உனக்கு என்னக்கா ஆச்சு? எத்தனை தடவை கூப்பிட்டேன்!"

நடுவீதியில் கட்டிக்கொண்டு அழுதோம். அப்போது கணவர் போன் செய்தார்.

"மலர் நல்லாருக்காளா? கோளாறு நம்ம வீட்லதான். நேத்து நீ அலமாரிய நகத்துனப்ப மோடம் கேபிள் கழண்டுருச்சு. சிவப்பு லைட் எரியுது."

இணையமே இல்லாத வைஃபையில் என் கைபேசி ஒட்டிக்கொண்டிருந்ததால்தான் எதுவும் போகவில்லை.

இப்போது அழைப்பு போகாவிட்டால் முதலில் எங்கள் மோடத்தின் விளக்கையும் கேபிளையும் பார்க்கிறேன். பிறகு வைஃபையை அணைத்து, கைபேசி டேட்டாவில் அழைக்கிறேன். அதில் போனால் கோளாறு எங்கள் பக்கம்தான்.

லைன் நன்றாக இருந்தாலும், வாரம் ஒருமுறை பாலிக் புலாவுக்கு நேரிலேயே போய்விடுகிறேன்.